நான்காம் பாகத்தை இரண்டாவதாகக் கேட்ட வருஷம்

அரசாங்க வேலையில் இருந்த காலத்தில் எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிம்பொனி கேட்பது. வெற்றிலை, சீட்டாட்டம், கிண்டி குதிரைப் பந்தயம் எதுவும் கிடையாது. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று என் மாமனார் பலமுறை விசாரித்திருக்கிறார். கண்டுபிடித்தால் வைத்தியம் பார்க்கலாம் என்ற எண்ணம்.

எல்லா சிம்பொனியும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இடி இடித்து, மின்னல் வெட்டி, கடைசியில் கேட்பவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போகிற பெரிய சிம்பொனிகள் எனக்கு ஆகாது. அந்த அனுபவத்துக்கு ஆபீஸ் இருந்தது. எனக்குப் பிடித்தவை குஷியான, சின்னச் சின்ன சிம்பொனிகள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரிய தேசத்தில் ஒரு பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்த ஒருவர் எழுதியவை. தினமும் சீருடை போட்டுக்கொண்டு எஜமானின் அறைவாசலில் நின்று, இன்றைக்கு என்ன உத்தரவு என்று கேட்டுக்கொள்வது அவருடைய வேலை நிபந்தனைகளில் ஒன்று. அப்படி ஒரு சர்வீஸில் இருந்துகொண்டு ஒருவர் நூற்றுக்கு மேல் சிம்பொனி எழுதினார், அவற்றில் பல சிரிக்கவும் வைக்கின்றன என்றால், துறைத்தேர்வு எழுதி எழுதியே தலை நரைத்த எனக்கு அவர்மேல் மரியாதை வராமல் இருக்குமா?

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் போன்ற ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், லஸ் பக்கத்தில் ஒரு வாசகசாலையின் பின்கட்டு அறையில் கூடி, மேல்நாட்டு இசைத்தட்டுகளைக் கேட்பது எங்கள் வேலை. தலைவர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். ஐந்து அணைக்கட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பதால் எந்த நாற்காலியிலும் அணைக்கட்டைப் போலவே உட்காருவார். எந்தச் சங்கீதம் கேட்டாலும் தொடையில் தாளம் போட்டுத் தலையாட்டுவார். செயலாளர், நூலகர், விதிமுறைகளை எழுதியவர், அவற்றைப் படித்த ஒரே உறுப்பினர், எல்லாம் நான்.

விதிமுறைகள் மொத்தம் இருபத்திரண்டு. அவற்றில் ஒன்பதாவது விதிதான் இந்தக் கதைக்குக் காரணம். சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு தட்டின் நடுவிலும், இரண்டு பக்கமும், ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, சங்கத்தின் முத்திரை குத்தி, வரிசை எண் போட வேண்டும். முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ. தாளை வட்டமாக வெட்டுவதற்கு வீட்டில் இருந்த ஒரு டபராவின் மூடியை அளவாக வைத்துக்கொண்டேன். கம்பெனி அச்சடித்த லேபிள் அதற்குக் கீழே முழுசாக மறைந்துவிடும். அதைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

அடையாறில் குடியிருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் சங்கத்துக்கு இரண்டு சின்னத் தட்டுகள் கொடுத்துவிட்டுப் போனார். நமது ஆஸ்திரியரின் சிம்பொனி ஒன்று, நான்கு பாகங்களும் நான்கு பக்கங்களில். அட்டைப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. லேபிளில் ஜெர்மன் எழுத்து. படிக்கத் தெரியாத எழுத்தை மறைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒன்பதாம் விதியை அமல்படுத்தினேன். முப்பத்தொன்று அ, ஆ. முப்பத்திரண்டு அ, ஆ. அந்த வரிசையிலேயே கேட்டோம். கேட்டு அசந்துபோனோம்.

முதல் பாகம் சுறுசுறுப்பாக ஆரம்பித்தது. இரண்டாவது அதைவிட வேகம், குதிரை ஓட்டம். மூன்றாவது நிதானமாக, விஸ்தாரமாக ஒரு மெட்டு. நான்காவது லேசான நடனம், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதைப் போல. இரண்டாம் முறை கேட்கும்போது எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. வர்ணம். அடுத்து கச்சேரியைக் களைகட்டவைக்கும் வேகமான கீர்த்தனை. பிறகு நிறுத்தி நிதானமாகப் பிரதான உருப்படி. கடைசியில் துக்கடா. நம் கச்சேரி பத்ததி அப்படியே இருக்கிறது!

தலைவரிடம் சொன்னேன். தொடையில் தாளம் நின்றது.

"ஓய், இவன் மார்கழி மாசம் நம்மூர்ல வந்து உக்காந்து கேட்டிருக்கான்காணும்," என்றார்.

"காலம் பொருந்தாது சார். கச்சேரி பத்ததி அதற்கு நூறு வருஷத்துக்கு அப்புறம் வந்தது."

"அப்ப நாம அவன்கிட்டேர்ந்து எடுத்துண்டோமா? அதை வெளியில சொல்லாதீரும். மயிலாப்பூர்ல இருக்க முடியாது."

ஒரு வருஷம் இதையே யோசித்து, கணக்கில்லாத தடவை அந்த இரண்டு தட்டுகளையும் கேட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். தலைப்பு: சிம்பொனியும் நமது கச்சேரி பத்ததியும். வானொலி நிலையத்துக்கு அனுப்பினேன். இதை ஏன் செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் அதுவரை எந்த ஊரிலும் எந்த மேடையிலும் யாரும் என்னை எதற்கும் அறிஞர் என்று சொன்னதில்லை. வானொலியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இசை அறிஞர்' என்று அறிவித்துவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டும். மாமனார் அதைக் கேட்க வேண்டும். இதற்கு முன் இரண்டு பேச்சுகள் அனுப்பியிருந்தேன். இரண்டும் வருந்துகிறோம் என்று திரும்பிவந்தன. இந்த மூன்றாவதை நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. புதிய பார்வை என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார்கள்.

அரசு ஊழியன் வானொலியில் பேசத் துறையின் அனுமதி வேண்டும். இலக்கியம், கலை, அறிவியல் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் தேவையில்லை என்று விதியே சொல்கிறது. ஆனால் எது எதில் சேரும் என்று முடிவுசெய்ய அனுமதி வேண்டும். என் மேலதிகாரி, சிம்பொனி என்பது மேற்படி மூன்றில் எது என விளக்கவும் என்று கேட்டு எழுதினார். ஒன்றரைப் பக்கம் விளக்கினேன். 'கலை எனக் கொள்ளலாம்' என்று கோப்பு திரும்பிவந்தது.

ஒலிப்பதிவு வெள்ளிக்கிழமை என்று கடிதம் வந்த அன்று மாலையே என் மனைவி ஊர்முழுக்கச் சொல்லிவிட்டாள். "எதிராத்துல சொல்லிட்டேன். கோடியாத்துல சொல்லிட்டேன். அப்பாவுக்கு லெட்டர் போட்டாச்சு. புது பாட்டரி வாங்கிப் போட்டுக்கோங்கோன்னும் எழுதிட்டேன்," என்றாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, பேச்சின் நடுவே எந்த இடத்தில் எத்தனை வினாடி இசை என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தேன். என் ரெகார்டு பிளேயர் கொர்ரென்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. தட்டில் கோளாறா, பிளேயரிலா என்று தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன். பாண்டி பஜாரில், துணிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டே பேசுவார்.

"பிளேட்டா, மிசினான்னு அத்த மொதல்ல பாத்துர்லாம் சார்," என்று சொல்லி, யாரோ ரிப்பேருக்கு விட்டிருந்த பெரிய பிளேயர் ஒன்றை முன்னால் இழுத்தார். நடுவில் ஒரு ஜாண் உயரத்துக்குக் கம்பி. என் தட்டுகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அதன் உச்சியில் மாட்டினார்.

"ஏம்ப்பா, ரெண்டையும் சேர்த்தா போடறே?"

"சேஞ்சர் சார் இது. ஒண்ணு முட்ச்சா அடுத்தது தானா வுழும். நீ குந்து."

முதல் தட்டு விழுந்தது. முதல் பாகம். கொர் சத்தம் இல்லை. நிம்மதியாக இருந்தது. அது முடிந்ததும் இரண்டாம் தட்டு அதன்மேல் டப்பென்று விழுந்தது. நிதானமான மெட்டு வந்தது.

"தப்பா வருதுப்பா," என்றேன்.

"இன்னா தப்பு? பிளேட்டு சூப்பரா கீது."

"இது மூணாவதா வரணும்."

"மூணாவதா வரணும்னா கம்பெனிக்காரன் எதுக்கு ரெண்டாவதா வெச்சிக்கீறான்?"

அவரிடம் கச்சேரி பத்ததியை எங்கே ஆரம்பித்து விளக்குவது? மெட்டு முடிந்ததும் இரண்டு தட்டையும் சேர்த்து, தோசையைப் புரட்டுவதைப் போல ஒரே புரட்டாகப் புரட்டி, மறுபடி கம்பியில் மாட்டினார். இப்போது நடனம். அது முடிந்து கடைசியாகக் குதிரை ஓட்டம். பிடில்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். தவில்போல ஒரு வாத்தியம் பின்னாலிருந்து விரட்டியது. மூன்று அடி, நிறுத்தம். ரிப்பேர்காரர் தலை நிமிரவில்லை. வேறு ஏதோ ரேடியோவின் வயிற்றுக்குள் ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப முட்ச்சிட்டான்," என்றார்.

"முடிச்சிட்டான்னு எப்படித் தெரியும்?"

"சைக்கிள்ல வூட்டாண்ட வந்து, பெல்லு அட்ச்சி, ஸ்டாண்டு போட்டா மாரி கீதில்ல?"

இருந்தது. அதுதான் கஷ்டம். ஒரு வருஷமாக இரண்டாவதாகக் கேட்டு, களைகட்டும் கீர்த்தனை என்று நான் எழுதியது, கடைசியில் வந்தபோது சந்தேகமே இல்லாத முடிவாக இருந்தது. சேஞ்சர் கருவிக்காகச் செய்யும் தட்டுகளில் முதல் தட்டின் முன்பக்கம் ஒன்றாம் பாகமும் பின்பக்கம் நான்காம் பாகமும் இருக்கும் என்றும், இரண்டாம் தட்டில் இரண்டும் மூன்றும் இருக்கும் என்றும், கருவிக்குத் தட்டைத் திருப்பத் தெரியாது என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு என்றும் அவர் சொன்னார். "உன் மிசின்ல ஒண்ணொண்ணா திருப்பிப் போட்டா ஒண்ணு, நாலு, ரெண்டு, மூணுன்னு வரும். யாரும் அப்டி கேக்க மாட்டாங்க சார்."

ஏழு பேர் கேட்டிருந்தோம். ஒரு நிபுணர் குழு அதைப் புதிய பார்வை என்று பாராட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் முப்பத்தொன்று அ-வைத் துடைத்துத் துடைத்து உரித்தேன். கோந்து நல்ல கோந்து. கால் மணி நேரம் ஆயிற்று. கீழே ஒரு 1 இருந்தது. ஆ-வை உரித்தேன். 4. ஒட்டும்போது அந்த எண்கள் என் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனால் நான் வைத்திருந்த பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத எதையும் நான் பார்த்துப் பழகியதில்லை.

"என்னத்தைச் சுரண்டிண்டிருக்கேள்?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மெட்ராஸ்ல இந்த பிளேட் எத்தனை பேர்கிட்ட இருக்கும்?"

"யார்கிட்டயும் இருக்காது."

"அப்புறம் என்ன? எழுதினதைப் படிச்சுட்டு வந்துடுங்கோ. அப்பா வேற அத்தனை பேரையும் கூட்டி உக்காத்தி வெச்சிண்டிருப்பார்."

எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூராவும் வந்தது. பேச்சை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதிலும் குறிப்பாகத் தப்பான இடங்கள். ஆனால் இருபது வருஷமாக மற்றவர்களின் கோப்புகளைப் பிழை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவன் நான். தெரியாமல் செய்த பிழைக்கு விளக்கம் கேட்பார்கள், தெரிந்து செய்தால் பதினேழு-பி பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை என்று எத்தனையோ குமாஸ்தாக்களை மிரட்டியிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் தெரியும். விதி தெளிவாக இருந்தது. விதி தெளிவாக இருக்கும்போது எனக்குத் தூக்கம் வராது.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போய், வானொலி நிலையத்தில் பேச்சுகளைக் கவனிக்கும் அதிகாரியைப் பார்த்தேன். சின்ன வயசு. மேஜையில் ஒரு டம்ளர் காபியும் எண்பது கோப்புகளும்.

"பேச்சைத் திருத்த வேண்டும்," என்றேன்.

"அப்ரூவ் ஆன ஸ்கிரிப்ட்ல கமாவைக்கூட மாத்த முடியாது சார். நீங்களே கவர்மெண்ட். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். மறுபடி சமர்ப்பிக்கிறேன்."

"சமர்ப்பிக்கலாம். கமிட்டி கூடணும். அதுக்குள்ள இந்தக் காலாண்டு முடிஞ்சிடும். அடுத்ததுல மண்புழுவைப் பத்தி ஒரு தொடர் போட்டுட்டோம். என்ன சார் திருத்தம்?"

"நான் சொல்லியிருப்பது எல்லாமே தப்பு."

அவர் காபியைக் கீழே வைத்தார். டபரா மூடியில் ஆரம்பித்து ஈயப்பற்று வரைக்கும் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அறிக்கை கொடுப்பதைப்போலத்தான் சொன்னேன். மார்கழி மாசம் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கான் என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். கமிட்டியின் 'புதிய பார்வை' வந்தபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டு, "சார், மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார். சொன்னேன். அடுத்த மேஜைக்காரர் நகைச்சுவை நிகழ்ச்சியைக் கவனிப்பவர்.

"வியாழக்கிழமை பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. இதை அப்படியே எழுதிக்கொடுங்க சார். எட்டு நிமிஷம்," என்றார்.

"எனக்கு நகைச்சுவை வராது."

"வர வேண்டாம். இப்ப சொன்ன மாதிரியே சொன்னா போதும். யாரையும் தாக்கக்கூடாது, அது மட்டும்தான் ரூல்."

"என்னைத் தவிர யாரும் இல்லை."

"அப்ப நீங்க ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் குடுத்துடுங்க."

எனக்கு எதிராக எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவை ரத்து செய்யும் படிவத்தையும் அவர்களிடமே வாங்கிப் பூர்த்தி செய்தேன். அதில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். 'உண்மை தெரியவந்தது' என்று எழுதினேன்.

தலைவரிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. சொன்னேன்.

"அப்ப நான் ஒரு வருஷமா தலை ஆட்டினது?"

"தாளத்துக்குத்தான் ஆட்டினீர்கள் சார். வரிசைக்கு இல்லை."

"அது சரி," என்றார். பிறகு, "என் பேரை எங்கேயும் சொல்லிடாதீரும். டேம் கட்டினவன் இதுக்கும் தலை ஆட்டினான்னு தெரிஞ்சா, தண்ணி நிக்கறதான்னு போய்ப் பாத்துட்டு வருவா," என்றார்.

ஒலிபரப்பான அன்று மாலை என் வீட்டுக் கூடத்தில் எதிராத்தார், கோடியாத்தார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பாளர் பெண்மணி, 'இப்போது சிரிக்கச் சில நிமிடங்கள்' என்று சொல்லி, என் பெயரைச் சொன்னார். முன்னால் எந்த அறிஞரும் இல்லை. என் குரல் மூக்கடைத்த யாரோ ஒருவருடையதைப்போல இருந்தது. நான் மிக வருத்தத்தோடு எழுதிய இடங்களில் எல்லாரும் சிரித்தார்கள். பேச்சின் கடைசியில் அந்தக் குதிரை ஓட்டத்தை முழுதாகப் போட்டார்கள். அது வாசலில் வந்து மணியடித்து நின்றதும் கோடியாத்து மாமி, "நன்னாத்தானே இருக்கு," என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மாமனாரிடமிருந்து நான்காம் நாள் ஒரு கார்டு வந்தது. 'கேட்டோம். தெளிவாகக் கேட்டது,' என்று மட்டும் எழுதியிருந்தார். பாட்டரியைப் பற்றி என்றுதான் நினைக்கிறேன்.

மறு வருஷம் இசைப் பகுதிக்குப் புதிதாக ஒரு பேச்சு எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை லேபிளை நாலு முறை பார்த்து, ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டி, வரிசையை உறுதிசெய்துகொண்டுதான் எழுதினேன். தாங்கள் ஏற்கெனவே நகைச்சுவைப் பேச்சாளர் பட்டியலில் இருப்பதால் இதைப் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் வந்தது. ஒருவர் ஒரு பட்டியலில்தான் இருக்க முடியுமாம். நல்ல விதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள், போனேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நந்தனத்தில் வாடகைக்கு வீடு தேடுவது, மாம்பலம் ஸ்டேஷனில் குடை தொலைப்பது என்று பேசினேன். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது சிம்பொனியை நுழைக்கப் பார்ப்பேன். தலைப்போடு தொடர்பில்லை என்று சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். குடை பற்றிய பேச்சில் மட்டும் தப்பித்தது. பேச்சு ஒரு நிமிஷம் குறைவாக இருந்ததால், நடுவில் எதையாவது போட்டு நிரப்புங்கள் என்றார்கள். அந்த நிதானமான மெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து நிலையத்துக்குக் கோட்டூர்புரத்திலிருந்து ஒரு கார்டு வந்து, எனக்கு அனுப்பிவைத்தார்கள். பேச்சு சுமார், நடுவே வந்த வாத்திய இசை யாருடையது, முழுதும் எங்கே கேட்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்று ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, நாலு பக்கம் பதில் எழுதினேன். லஸ் பின்கட்டு அறையின் விலாசம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில். அந்த மெட்டு இரண்டாவதாக வரும் என்பது முதல் வரியில்.